இழப்பு 0%, குரல் பாதி: இணைய அழைப்பின் தரக் கணக்கு

டொரோண்டோவில் இருக்கும் என் அக்காவுடன் ஞாயிற்றுக்கிழமை காலையில் கணினி வழியாகப் பேசுவது வழக்கம். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று, பேச ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, "தம்பி, நீ பேசறது பாதி பாதியாத்தான் விழுது" என்றாள். "எனக்கு நீ பேசறது தெளிவாக் கேக்குதே அக்கா" என்று சொல்லிவிட்டு, மென்பொருளில் அழைப்புப் புள்ளிவிவரம் காட்டும் சிறு பெட்டியைத் திறந்து பார்த்தேன். பாக்கெட் இழப்பு 0 விழுக்காடு. ஜிட்டர் 4 மில்லிவிநாடி. தர மதிப்பெண் 4.3. எல்லாம் பச்சை நிறத்தில் இருந்தன. எல்லாவற்றுக்கும் கீழே, நிறமே இல்லாமல், சுற்றுத் தாமதம் 780 மில்லிவிநாடி என்று ஒரு வரி. அதை நான் பொருட்படுத்தவில்லை. "உன் பக்கம்தான் ஏதோ கோளாறு, வைஃபையை ஒரு தடவை அணைச்சுப் போடு" என்று அக்காவிடம் சொன்னேன். அவளும் நான் சொன்னதை நம்பி எழுந்து போனாள்.

கோளாறு என் வீட்டில் இருந்தது. அந்தப் பெட்டியில் தெரிந்த எண்களில் ஒன்றுகூடப் பிழையில்லை. அவற்றை எப்படி வாசிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒவ்வோர் எண்ணும் பாதையில் ஏதோ ஓர் இடத்தில் நின்று எடுத்த அளவு. அந்த இடம் எது என்று தெரியாதவரை அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. இணையத் தொலைபேசியில் தினமும் பேசுகிற, அலுவலகங்களில் அதைப் பராமரிக்கிற எத்தனையோ பேர் அன்று நான் செய்த தவறையே செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் பேசும்போது மென்பொருள் குரலைப் பொதுவாக 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டுகிறது. விநாடிக்கு 50 துண்டு. 1972இல் தரப்படுத்தப்பட்ட ஜி.711 என்ற பழைய கோடெக்கில், அதாவது குரலை எண்களாக்கும் முறையில், ஒரு துண்டு 160 பைட். அதன் தலையில் முகவரியும் பிற விவரங்களுமாக இன்னும் 40 பைட் ஏறும். இந்த 200 பைட் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பயணம் போகின்றன. எது முந்தும், எது பிந்தும், எது வழியில் தொலையும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள்.

தொலைந்ததை மறுபடி அனுப்பச் சொல்லலாமே என்று தோன்றும். மின்னஞ்சலும் இணையப் பக்கங்களும் அப்படித்தான் வேலை செய்கின்றன. குரலுக்கு அது ஒத்துவராது என்பதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் டேனி கோஹென். 1974 ஆகஸ்டில், இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வழியாகக் கலிஃபோர்னியாவின் தகவல் அறிவியல் நிறுவனத்துக்கும் மாசசூசெட்ஸின் லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே குரலைப் பாக்கெட்டுகளாக அனுப்பிப் பார்த்த குழுவில் அவர் இருந்தார். தாமதமாக வரும் துண்டும் தொலைந்த துண்டும் காதுக்கு ஒன்றுதான். மறுபடி அனுப்பிக் காக்க வைப்பதைவிட அதை விட்டுவிட்டு மேலே போவது நல்லது என்பது அவர் வாதம். இணையத்தின் அடிப்படை நெறியிலிருந்து நம்பகப் பரிமாற்றத்தைத் தனியே பிரித்தெடுத்ததற்கு இந்த வாதமும் ஒரு காரணம். இன்று திரையில் நாம் பார்க்கும் ‘இழப்பு’ என்ற சொல் அந்த முடிவிலிருந்து வந்தது. திருத்தாமல் விட்டுவிடுவது என்று முடிவெடுத்தால், விட்டது எவ்வளவு என்று எண்ணித்தானே ஆக வேண்டும்?

எண்ணும் முறையை வகுத்தவர்கள் ஹென்னிங் ஷுல்ஸ்ரின், ஸ்டீபன் காஸ்னர், ரான் ஃபிரெடெரிக், வான் ஜேக்கப்சன் ஆகிய நால்வர். ஆர்.எஃப்.சி. என்ற இணைய நெறி ஆவண வரிசையில் 1996இல் 1889 என்றும், 2003இல் திருத்தப்பட்டு 3550 என்றும் வெளிவந்த ஆவணம் அவர்களுடையது. ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் ஒரு வரிசை எண்ணும் ஒரு நேர முத்திரையும் குத்த வேண்டும் என்றார்கள். அழைப்புத் தரம் பற்றித் திரையில் வரும் கணக்குகளில் பெரும்பகுதி இந்த இரண்டு முத்திரைகளிலிருந்தே பிறக்கிறது. இரு முனைகளும் சில விநாடிகளுக்கு ஒருமுறை, பழைய விதிப்படி சராசரியாக 5 விநாடி இடைவெளியில், "உன்னிடமிருந்து எனக்கு வந்தது இவ்வளவு, வராதது இவ்வளவு" என்று ஒன்றுக்கொன்று ஒரு சிறு அறிக்கையும் அனுப்பிக்கொள்கின்றன. பேசுபவருக்குத் தெரியாமல் குரலோடு கூடவே ஓடும் கடிதப் போக்குவரத்து அது.

இழப்பு என்ற கணக்கு பார்வைக்கு எளிது. இதுவரை வந்ததிலேயே பெரிய வரிசை எண்ணைக் கொண்டு எத்தனை வந்திருக்க வேண்டும் என்று பார்த்து, வந்ததைக் கழித்தால் முடிந்தது. அறிக்கையில் இழப்பின் பங்குக்கு ஒதுக்கிய இடம் ஒரே ஒரு பைட். ஆகவே பங்கு 256இல் எத்தனை என்று எழுதப்படும்; 13 என்று இருந்தால் சுமார் 5 விழுக்காடு. பிணையம் சில பாக்கெட்டுகளை இரண்டு தடவை கொண்டுவந்து கொடுத்துவிட்டால், மொத்த இழப்பு சுழியத்துக்குக் கீழேயும் இறங்கும். ‘மைனஸ் 3 பாக்கெட் இழப்பு’ என்று பார்த்தால் மென்பொருள் பழுதாகிவிட்டது என்று நினைக்கத் தேவையில்லை. விதியே அப்படித்தான் இருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று இந்தக் கணக்கில் மறைந்திருக்கிறது. ‘வந்திருக்க வேண்டியது எவ்வளவு’ என்பது வந்து சேர்ந்த பாக்கெட்டின் எண்ணிலிருந்துதான் தெரியும். அப்படியானால் எதுவுமே வராவிட்டால்? இணைப்பு முழுதாகச் செத்து 4 விநாடி ஒரு பாக்கெட்டும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். பெரிய வரிசை எண் நகராது. எதிர்பார்ப்பும் நகராது. அந்த 4 விநாடியும் கணக்கில் இழப்பு 0. பாதை திறந்து அடுத்த பாக்கெட் வந்து விழும்போதுதான் அந்த 200 பாக்கெட்டும் மொத்தமாக இழப்பில் ஏறும். அதற்கு முன் அழைப்பைத் துண்டித்துவிட்டால் ஏறவே ஏறாது. "நேற்று கால் கட் ஆயிடுச்சு, ஆனா ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லையே" என்று அலுவலகங்களில் நடக்கும் வாக்குவாதங்களில் சில இங்கிருந்தும் வரலாம்.

ஜிட்டர் என்பது வருகையின் ஒழுங்கின்மை. அனுப்பியவர் 20 மில்லிவிநாடிக்கு ஒன்று என்று சீராக அனுப்பினாலும், வந்து சேரும்போது ஒன்று 15இலும் அடுத்தது 31இலும் வரும். அப்படியே ஒலித்தால் குரல் நொறுங்கும். அதனால் பெறும் மென்பொருள் வந்தவற்றை ஒரு தொட்டியில் சிறிது நேரம் நிறுத்தி, பிறகு சீராக வெளியே விடுகிறது. இதற்கு ஜிட்டர் பஃபர் என்று பெயர். வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். தெருக்குழாயில் எப்போது வந்தாலும் சமையலறையில் ஒரே சீராக விழ வேண்டும். தொட்டியைப் பெரிதாக்கினால் ஒழுங்கு கூடும். கூடவே தாமதமும் கூடும்.

ஜிட்டர் எண்ணைக் கணக்கிடும் சூத்திரம் ஒரு வரிதான். அடுத்தடுத்து வந்த இரண்டு பாக்கெட்டுகளின் பயண நேரத்தில் உள்ள வேறுபாட்டை எடு. இப்போதைய ஜிட்டர் மதிப்பு அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அந்த விலகலில் 16இல் ஒரு பங்கை மட்டும் மதிப்போடு சேர். திடீர் ஆட்டங்களை மழுக்கி ஓர் ஓட்டச் சராசரியைத் தர வேண்டும் என்பது நோக்கம். காதுக்கு வலிப்பது திடீர் ஆட்டம்தான் என்பதை நினைத்தால் இதன் விளைவு புரியும். ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

எல்லாம் சீராக ஓடிக்கொண்டிருக்கிறது, ஜிட்டர் 0. திடீரென வைஃபையில் 160 மில்லிவிநாடி அடைப்பு. அடைப்பு நீங்கியதும் தேங்கி நின்ற பாக்கெட்டுகள் கொத்தாக வந்து விழுகின்றன. முதலாவது 160 மில்லிவிநாடி தாமதம், அடுத்தது 140, அதற்கடுத்தது 120, இப்படியே இறங்கி ஒன்பதாவது சரியான நேரத்தில் வருகிறது. சூத்திரத்தில் போட்டால் முதல் பாக்கெட்டுக்கு ஜிட்டர் 10 ஆகிறது. பிறகு மெல்ல ஏறி, கொத்து முடியும்போது 14. அங்கிருந்து இறங்கி ஒரு விநாடி கழித்து 1 மில்லிவிநாடிக்கும் கீழே போய்விடுகிறது. 5 விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் அறிக்கையில் இது சிக்காமலே போவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

இதே நேரத்தில் பஃபரில் என்ன நடந்தது? அது 60 மில்லிவிநாடிக்கு அமைக்கப்பட்டிருந்தால் 160, 140, 120, 100, 80 தாமதத்தில் வந்த ஐந்து பாக்கெட்டுகளுக்கும் ஒலிக்கும் நேரம் கடந்துவிட்டது. மென்பொருள் அவற்றைக் குப்பையில் போடும். 100 மில்லிவிநாடிக் குரல் போயிற்று. ‘வராதே’ என்பதில் ‘தே’ இருந்ததா இல்லையா என்று தீர்மானிக்க அவ்வளவு நேரம் போதும். அந்த ஐந்தும் வந்து சேர்ந்தவை என்பதால் இழப்பு என்ற எண் அப்போதும் 0. ஜிட்டர் அதிகபட்சம் 14. திரை பச்சை. எந்த எண்ணும் பொய்யில்லை, ஆனால் சொல் போய்விட்டது.

கொஞ்சம் கவனமாக எழுதப்பட்ட மென்பொருள்கள் ‘கழித்துவிடப்பட்டவை’ என்று இன்னோர் எண்ணைத் தனியே காட்டுவது இதனால்தான். 2003 நவம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 3611 என்ற விரிவாக்கம் இழப்பையும் கழிவையும் இரண்டு தனி வரிகளாகவே வைத்தது. உலாவியில் ஓடும் வெப்ஆர்டிசி அழைப்புகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. கிடைக்காத இடங்களை நிரப்ப மென்பொருள் தானே இட்டுக்கட்டி ஒலித்த ஒலி எவ்வளவு என்பதை அவை எண்ணி வைக்கின்றன. குரோம் உலாவியின் ‘வெப்ஆர்டிசி இன்டர்னல்ஸ்’ பக்கத்தில் ‘கன்சீல்டு சாம்பிள்ஸ்’ என்ற பெயரில் அதைப் பார்க்கலாம். ஒரே ஓர் எண்ணை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது, எதைப் பார்ப்பது என்று யாராவது என்னிடம் கேட்டால், இதைத்தான் சொல்வேன். மற்றவை பிணையத்தில் அளந்தவை. இது காதுக்கு மிக அருகில் அளந்தது.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் கோடெக், வேண்டுமென்றால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தைய துண்டின் தணிந்த நகல் ஒன்றைச் சேர்த்து அனுப்பும். ஒன்று தொலைந்தால் அடுத்ததிலிருந்து அதை மீட்டுவிடலாம். அப்படி மீட்டாலும் வரிசை எண் கணக்கில் அது இழப்புதான். எண் 5 விழுக்காடு என்று பயமுறுத்தும். கேட்பவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இன்னொரு வேடிக்கையான வழக்கு ஜி.722 கோடெக். அது விநாடிக்கு 16,000 மாதிரிகள் எடுக்கிறது. அதன் நேர முத்திரையோ 8,000 என்ற கடிகாரத்தில் ஓடுகிறது. 1996ஆம் ஆண்டின் துணை ஆவணம் ஒன்றில் நேர்ந்த பிழை அது. அதற்குள் பல கருவிகள் அப்படியே செய்யப்பட்டுவிட்டதால் பிழையையே விதியாக வைத்துக்கொண்டார்கள். இது தெரியாமல் 16,000ஆல் வகுக்கும் கருவி, ஜிட்டரை உண்மையில் பாதியாகக் காட்டும்.

இனி நான் அன்று பொருட்படுத்தாமல் விட்ட அந்த 780க்கு வருகிறேன்.

சுற்றுத் தாமதம் என்பது ஓர் அறிக்கை போய் அதற்குப் பதில் வரும்வரை ஆன நேரம், பதில் எழுதுபவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கழித்து. ஒருவழித் தாமதம் எவ்வளவு என்று நேரடியாக அளக்க இரண்டு முனைகளிலும் கடிகாரங்கள் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். வீட்டுக் கணினிகளில் அது நடக்காத காரியம். அதனால் சுற்றை அளந்து பாதியாக்கிக்கொள்கிறார்கள். போகும் வழியும் வரும் வழியும் சமம் என்பது அந்தப் பாதியில் ஒளிந்திருக்கும் அனுமானம்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை, வாயிலிருந்து காதுக்கு ஒருவழியாக 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்குத் தொல்லை இல்லை என்றும், பொதுவாக 400ஐத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. நான் இருக்கும் சென்னைக்கும் டொரோண்டோவுக்கும் பூமியின் வளைவையொட்டி நேர்கோட்டில் ஏறத்தாழ 13,400 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியானால் எந்தத் தடையும் இல்லாத கற்பனைக் கம்பியிலும் ஒருவழி 67 மில்லிவிநாடி. உண்மையான கடலடிக் கம்பிகள் நேர்கோட்டில் போவதில்லை. அதோடு குரலைத் துண்டாக்க 20, பஃபருக்கு 60, ஒலி அட்டைக்குக் கொஞ்சம், புளூடூத் ஹெட்செட் மாட்டியிருந்தால் இன்னும் பல பத்து. 150 என்ற எல்லை இந்தப் பாதையில் எட்டாக்கனி. வெளிநாட்டில் இருப்பவரோடு பேசும்போது இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, இருவரும் நிறுத்தி, "நீ சொல்லு, நீ சொல்லு" என்பது தூரத்தின் விலை. அதற்கு எந்த நிறுவனத்தையும் குறை சொல்வதில் பயனில்லை.

எங்கள் அழைப்புகளில் சுற்றுத் தாமதம் வழக்கமாக 260ஐ ஒட்டி இருக்கும். அன்று 780. கூடுதலாக வந்த அரை விநாடியைத் தூரம் கொண்டுவர முடியாது, தூரம் மாறவில்லையே. அது எங்கோ ஒரு வரிசையில் காத்திருந்த நேரம்.

எந்த வரிசை என்பதற்கு ஒரு கதை உண்டு. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜிம் கெட்டிஸ், 2010இல் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போதெல்லாம் வீட்டு இணையம் முழுவதும் திணறுவதைக் கவனித்து அதைத் தோண்டிப் பார்த்தார். மோடம், ரவுட்டர் முதலிய கருவிகளில் நினைவகம் மலிவாகிவிட்டதால் தேவைக்கு மேல் பெரிய பஃபர்களை வைத்துவிட்டார்கள். ஒரு கோப்பு ஏறும்போது அந்த பஃபர் நிரம்பி, பின்னால் வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் அதே வரிசையில் நிற்கிறது என்று கண்டார். இந்த நோய்க்கு ‘பஃபர்புளோட்’ என்ற பெயர் நிலைத்தது. கணக்கு எளிது. விநாடிக்கு 1 மெகாபிட் ஏற்றும் வேகமுள்ள இணைப்பில் 256 கிலோபைட் வரிசை நிரம்பி நின்றால், கடைசியில் வந்து சேரும் பாக்கெட் 2 விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதுவும் நிரம்பி வழிந்தால் இழப்பு. 2012இல் இதற்கு ஒரு வரிசை மேலாண்மை முறையை வகுத்தவர்கள் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும். மேலே நால்வரில் ஒருவராக வந்தாரே, அதே ஜேக்கப்சன்தான். அளவுகோலை வகுத்தவர்களில் ஒருவரே பதினாறு ஆண்டு கழித்து மருந்தோடும் வந்தார். இன்று பல ரவுட்டர்களில் அந்த முறையோ அதன் வழித்தோன்றலோ இருக்கிறது. நாம் போய் இயக்கி வைத்தால்தான் பல வீடுகளில் அது வேலை செய்யும்.

அக்கா வைஃபையை அணைத்துப் போட்டுத் திரும்பி வந்தும் குரல் பாதிதான் போனது. பிறகுதான் புள்ளிவிவரப் பெட்டியில் இன்னும் கீழே இறங்கி, ‘மறுமுனை அறிக்கை’ என்ற பகுதியைப் பார்த்தேன். அக்காவின் கணினி என் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்த கடிதம் அது. என்னிடமிருந்து அவளுக்குப் போனதில் இழப்பு 8 விழுக்காடு. என் கைப்பேசி மேசை மேல் கிடந்தது. முந்தைய நாள் கல்யாண வீட்டில் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் அதே வைஃபை வழியாக மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். சுற்றுத் தாமதம் 260க்கு இறங்கியது; அடுத்தடுத்த அறிக்கைகளில் இழப்பும் சுழியத்துக்கு வந்தது.

நான் முதலில் பார்த்த இழப்பும் ஜிட்டரும் என் காதுக்கு வந்தவற்றின் கணக்கு. அக்கா புகார் சொன்னது என் வாயிலிருந்து போனதைப் பற்றி. இரண்டும் வேறு வேறு பாதை. இவ்வளவு எளிய உண்மையை நான் தவறவிட்டதற்கு முக்கியக் காரணம் அந்த 4.3 என்ற மதிப்பெண். அது பெரிதாக, பச்சையாக, மேலே இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எம்.ஓ.எஸ். என்று சொல்லப்படும் இந்தச் சராசரிக் கருத்து மதிப்பெண் உண்மையில் மனிதர்களை வைத்து எடுப்பது. தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.800 என்ற பரிந்துரையின்படி அமைதியான அறையில் ஆட்களை உட்காரவைத்து, ஒலித்துண்டுகளைக் கேட்கச் செய்து, மிக நன்று என்றால் 5, மிக மோசம் என்றால் 1 என்று போடச் சொல்லி, சராசரி எடுப்பார்கள். உங்கள் அழைப்பை யாரும் அப்படிக் கேட்கவில்லை. 2001இல் வந்த பெஸ்க், 2011இல் வந்த போல்கா ஆகிய முறைகளில் கணினியே மனிதக் காதைப் போலக் கேட்டு மதிப்பிடும். அதற்கும் அனுப்பிய மூல ஒலி கையில் இருக்க வேண்டும். சோதனைக் கூடத்தில் அது சாத்தியம், நேரடி அழைப்பில் பெறும் மென்பொருளிடம் அது கிடையாது.

ஆகவே பல மென்பொருள்கள் செய்வது, ஜி.107 பரிந்துரையில் உள்ள ஈ-மாடல் என்ற சூத்திரத்தில் இழப்பையும் தாமதத்தையும் போட்டு ஒரு மதிப்பெண்ணைக் கணித்துவிடுவது. சூத்திரம் ‘ஆர்’ என்ற எண்ணில் தொடங்குகிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கும் ஒரு சாதாரணத் தொலைபேசி அழைப்புக்கு அது 93.2. தாமதத்துக்கு இவ்வளவு, கோடெக்குக்கும் இழப்புக்கும் இவ்வளவு என்று கழித்து, மிஞ்சியதை 1 முதல் 4.5 வரையிலான மதிப்பெண்ணாக மாற்றுவார்கள். 93.2க்கு 4.41 வரும். ‘5க்கு ஏன் போகவில்லை’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: இந்தச் சூத்திரத்தில் 5 என்பதே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு: ஜி.711 கோடெக், 2 விழுக்காடு சீரற்ற இழப்பு. இழந்த இடத்தை நிரப்பும் ஏற்பாடு இல்லாத மென்பொருள் என்றால் சூத்திரம் ஏறத்தாழ 30 புள்ளி கழிக்கிறது, மதிப்பெண் 3.26. நிரப்பும் ஏற்பாடு இருந்தால் கழிவது 7 மட்டும், மதிப்பெண் 4.24. அதே பிணையம், அதே இழப்பு. உங்கள் மென்பொருள் எந்த அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டது என்று அது உங்களிடம் சொல்லாது. இரண்டு மென்பொருள்களின் மதிப்பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது சிறந்தது என்று ஒப்பிடுவது பெரும்பாலும் வீண் என்று நான் சொல்வது இதனால்தான்.

என்னுடைய 4.3க்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. ஆர்.எஃப்.சி. 3611 இரண்டு விதமான மதிப்பெண்களைத் தருகிறது. ஒன்று கேட்கும் தரம். வந்த ஒலி எவ்வளவு சுத்தம் என்பது மட்டும். மற்றது உரையாடல் தரம், தாமதத்தையும் சேர்த்தது. என் திரையில் இருந்தது முதல் வகை. அதற்குத் தாமதம் கண்ணில் படாது. 780இல் பாதியான 390ஐ ஏடி அண்ட் டி ஆய்வகத்தின் கோலும் ரோசன்புளூத்தும் 2001இல் எளிமைப்படுத்தித் தந்த தாமதச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 33 புள்ளி கழிகிறது. ஆர் 60. உரையாடல் மதிப்பெண் 3.1. பயனாளர்களில் பலர் அதிருப்தி கொள்ளும் எல்லை என்று ஒன்றியத்தின் வகைப்பாடு சொல்லும் இடம் அது. அந்த எண்ணைக் காட்டியிருந்தால் திரை அன்று மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்திருக்கும். அக்காவை எழுப்பி அனுப்பியிருக்க மாட்டேன்.

சராசரியின் தொல்லை இதோடு முடியவில்லை. பத்து நிமிட அழைப்பில் 1 விழுக்காடு இழப்பு என்றால் 300 பாக்கெட். அது பத்து நிமிடமும் தூவியதுபோல் பரவியிருந்தால் நல்ல கோடெக் அதை மூடி மறைத்துவிடும். அதே 300 ஒரே இடத்தில் விழுந்தால் 6 விநாடி மௌனம். மருத்துவர் மருந்தின் அளவைச் சொல்லும் 6 விநாடியாகவும் அது இருக்கலாம். இழப்பு இப்படிக் கொத்தாக விழும் இயல்பை பெல் ஆய்வகத்தின் எட்கர் கில்பர்ட் 1960இலேயே இரண்டு நிலை மாதிரியாக எழுதிவைத்தார்: பாதை ‘நல்ல’ நிலைக்கும் ‘கெட்ட’ நிலைக்கும் மாறிக்கொண்டே இருக்கும் என்று. ஆலன் கிளார்க் 2001இல் அதைக் குரல் அழைப்புக்குப் பொருத்தி, கெட்ட நேரம் அழைப்பின் முடிவை நெருங்க நெருங்கக் கேட்பவர் மனதில் அதன் பாதிப்பு கூடும் என்பதையும் கணக்கில் சேர்த்தார். 3611இல் கொத்தின் அடர்த்தி, கொத்தின் நீளம் என்று வரும் வரிகளுக்கும் பின்னணி இதுவே. ஆனால் நம் கைக்கு வரும் மென்பொருள்களில் அந்த வரிகளைப் பார்ப்பது அரிது. மொத்தச் சராசரியைக் காட்டுவதைவிட ‘மிக மோசமான 5 விநாடி’ என்று ஒரே ஒரு வரி காட்டினால் போதும், பாதிச் சண்டைகள் தீரும். மென்பொருள் எழுதும் நண்பர்கள் இதைச் செய்ய வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் வாசகரை ஏமாற்றியதாகும். எனக்கு அன்று உதவிய மறுமுனை அறிக்கை, இருவரின் கணினியும் நேராகப் பேசிக்கொண்டதால் கிடைத்தது. பலர் சேரும் கூட்ட அழைப்புகளிலும், அலுவலகத் தொலைபேசி இணைப்பகம் வழியாகப் போகும் பல அழைப்புகளிலும் நடுவில் ஒரு சர்வர் நிற்கிறது. உங்கள் பாக்கெட்டுகளை வாங்கிக்கொள்வது அது. உங்களுக்கு அறிக்கை எழுதுவதும் பெரும்பாலும் அதுவே. அப்போது ‘மறுமுனை’ என்ற வரி சொல்வது உங்கள் வீட்டிலிருந்து சர்வர் வரையிலான பாதையை மட்டும். சர்வரிலிருந்து உங்கள் அம்மாவின் கைப்பேசி வரை என்ன நடந்தது என்று உங்கள் திரையில் எந்த மூலையிலும் எழுதியிருக்காது.

எனவே அடுத்த முறை யாராவது "நீ பேசறது விட்டுவிட்டுக் கேக்குது" என்று சொன்னால், உங்கள் திரையில் உள்ள பச்சை எண்ணை வாதத்துக்கு இழுக்காதீர்கள். அவர்கள் திரையில் அழைப்புப் புள்ளிவிவரத்தைத் திறந்து, ‘பெறப்பட்டது’ என்ற பகுதியில் உள்ள இழப்பையும் கழிவையும் வாசிக்கச் சொல்லுங்கள். மணி என்ன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், உங்கள் வீட்டில் ஏதாவது கைப்பேசி படங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.